எண்பதுகளின் கடைசிப் படங்களை மறுபடி பார்க்க: கசெட் பெட்டியைத் திறக்கும் முன் வாசியுங்கள்

அம்மாவின் அலுமாரிக்கு மேல் இருந்த பெட்டியை இறக்கியபோது உள்ளே 23 வீடியோ கசெட்கள் இருந்தன. பெரும்பாலும் 1986 முதல் 1989 வரை வந்த தமிழ்ப் படங்கள். கசெட் ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போட்டு, பக்கத்து வீட்டுச் சனம் முழுக்கக் கூடத்தில் பாய் விரித்துப் பார்த்த காலத்துச் சரக்கு. 'இதையெல்லாம் திரும்ப ஒருக்கால் பார்க்க ஏலாதோ?' என்று அம்மா கேட்டார். இரண்டு கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் போனது. அதில் மூன்று மாதத்தையும் பாதிப் பணத்தையும் நான் வீணாக்கவே தேவையில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால், தொடங்கும் முன் இதை வாசியுங்கள்.

படத்தைப் பார்க்க ஆசைப்படுவது ஒரு வேலை, கசெட்டைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் நான் விட்ட பிழை. அந்த 23 கசெட்டில் உண்மையில் காப்பாற்ற வேண்டியிருந்தவை 6 மட்டும்.

1. முதலில் தரம் பிரியுங்கள்

ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து, ஒவ்வொரு கசெட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பெயர்ப்பட்டையில் என்ன இருக்கிறது, யாருடைய கையெழுத்து, நாடாவின் வகை, எங்கிருந்து வந்தது. கடைசி விபரம் முக்கியம். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த கசெட் பெரும்பாலும் நம் நாட்டு முறையான பால் முறையில் இருக்கும் (குடிக்கிற பால் அல்ல, நொடிக்கு 25 படச்சட்டம் ஓடும் தொலைக்காட்சி முறை). கனடாவிலிருந்து வந்தது வட அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி முறையாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டையில் ஈ-180 என்று இருந்தால் பால் நாட்டுக் கசெட், மூன்று மணி நேரம். டி-120 என்றால் அமெரிக்க, கனடிய வகை, இரண்டு மணி நேரம். ஆனால் இது சாடை மட்டும்தான். வெறும் டி-120 கசெட்டை வாங்கி இங்கேயே பதிவு செய்தவர்களும் உண்டு.

என்டிஎஸ்சி முறையில் பதிவான இரண்டு மணி நேரக் கசெட்டில் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் முழுதாக இருந்தால், அதை நீண்ட நேர முறையில் பதிவு செய்திருக்கிறார்கள். நாடா மெதுவாக ஓடும், படத்தின் தரமும் அதற்கேற்பக் குறைந்திருக்கும். இப்போதே குறித்து வைத்தால் பிறகு, 'ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது' என்று டெக்கைத் திட்ட மாட்டீர்கள்.

அப்புறம் பெட்டியை மூன்றாகப் பிரியுங்கள். வீட்டு விசேஷம், பிறந்தநாள், ஊர்க் கோயில் திருவிழா முதலாவது குவியல். படம்தான், ஆனால் இடையில் அல்லது கடைசியில் வேறு ஏதோ பதிவாகியிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் இரண்டாவது. வெறும் படம் என்றால் மூன்றாவது. மூன்றாவது குவியலை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

2. அந்தப் படத்துக்கு வேறு நல்ல கொப்பி இருக்கிறதா என்று தேடுங்கள்

இந்தப் படியை நான் தாண்டிப் போனேன். 'நாயகன்' கசெட்டைத் துடைத்துக் காயவைத்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துப் பதிவு செய்த பிறகுதான் அண்ணா தொலைபேசியில் சொன்னார், அந்தப் படம் 2023 நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட டிஜிட்டல் கொப்பியாகத் திரும்பத் தியேட்டருக்கே வந்தது என்று. 1987 தீபாவளிக்கு வந்த படத்தை, கொப்பியின் கொப்பியின் கொப்பியில், சிவப்பெல்லாம் கசிந்த நிறத்தில் நான் பத்திரப்படுத்தியிருந்தேன்.

ஆகவே மூன்றாவது குவியலில் உள்ள ஒவ்வொரு படத்தையும் முதலில் யூடியூபில், உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களின் பக்கங்களில் தேடுங்கள். பிறகு சந்தா கட்டிப் பார்க்கும் செயலிகள். பிறகு டிவிடி. சில படங்கள் 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று சொல்லும். உடனே சோர்ந்துவிடாதீர்கள், வேறொரு நிறுவனம் அதையே ஏற்றியிருக்கலாம்.

கிடைத்த கொப்பி நல்லதா என்று பார்க்க எனக்கு உதவிய சோதனைகள் இவை.

*நீளம்.* இந்தியப் படங்களின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வரும். நாம் எல்லோரும் அந்த நேரத்தில் தேநீர் ஊற்றப் போய்விடுவோம். அடுத்த முறை அங்கே நிறுத்தி வாசியுங்கள். படத்தின் நீளம் மீட்டரிலும் ரீல் எண்ணிக்கையிலும் இருக்கும். 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,110 மீட்டர் என்று இருந்தால் 27.4 ஆல் வகுங்கள், 150 நிமிடம். உங்கள் கையில் இருப்பது 128 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் யாரோ 22 நிமிடத்தை வெட்டி எறிந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பாட்டு, அல்லது நகைச்சுவைத் தடம். சான்றிதழின் கீழே முக்கோணக் குறி இருந்தால், சான்றிதழ் கொடுக்கும் முன்பே தணிக்கையில் ஏதோ வெட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை யாரிடம் போய்க் கேட்டும் பயனில்லை.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. சினிமா நொடிக்கு 24 சட்டம், பால் தொலைக்காட்சி 25 சட்டம். கசெட்டுக்கும் பால் டிவிடிக்கும் மாற்றும்போது பொதுவாகப் படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரு சட்டம்கூட வெட்டுப்படாமல். அந்த 6 நிமிடத்தைத் தேடி நான் மூன்று கொப்பி பார்த்தேன். நீங்கள் தேட வேண்டாம்.

*அகலம்.* சினிமாஸ்கோப் என்ற மிக அகலமான முறையில் எடுத்த படத்தைப் பழைய சதுரத் தொலைக்காட்சிக்கு வெட்டினால், படத்தின் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். இருவர் பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கு நுனி மட்டும் தெரிந்தால் அதுதான் காரணம். கண்டுபிடிக்க இலகுவான வழி எழுத்து ஓடும் பகுதி. பெயர்கள் வரும்வரை ஆட்கள் தென்னை மரம்போல் ஒடுங்கி நீண்டிருந்து, எழுத்து முடிந்ததும் சாதாரணமாகிவிட்டால் அது வெட்டிய ஸ்கோப் படம். எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது என்பதற்காக அந்தப் பகுதியை மட்டும் நெருக்கி விட்டிருப்பார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. பழைய சதுரக் கொப்பியை இன்றைய அகலத் திரைக்கு இழுத்து ஏற்றியிருந்தால் முகங்கள் பூசணிக்காய் ஆகிவிடும். மேலும் கீழும் வெட்டியிருந்தால் எல்லோருக்கும் நெற்றி இருக்காது.

*பாட்டு.* படத்தின் உரிமை ஒருவரிடம், பாட்டின் உரிமை இன்னொருவரிடம் என்றால், இணையத்தில் ஏற்றும்போது பாடல்களை வெட்டிவிடுவதோ ஒலியை அணைத்துவிடுவதோ நடக்கும். எண்பதுகளின் படத்தைப் பாட்டில்லாமல் பார்ப்பது சாம்பார் இல்லாத இட்லி. வீட்டாரை உட்கார வைக்கும் முன் நீங்கள் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் நல்ல கொப்பி கிடைக்காது. அம்மாவின் பட்டியலில் முதலில் இருந்தது 1988 இல் வந்த 'வீடு'. எங்கள் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா எடுத்தது. அதன் மூல நெகட்டிவ் அழிந்துபோனதை அவரே மேடையில் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட படம் உங்கள் பெட்டியில் இருந்தால், கிடைக்கும் கொப்பியோடு உங்கள் கசெட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். கசெட் நன்றாக இருந்தால் அதை மூன்றாவது குவியலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுங்கள்.

3. கசெட்டின் உடல்நிலை

கொழும்பின் ஈரம் நாடாவுக்கு எமன். கடல் பக்கம் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். கசெட்டின் கண்ணாடி ஜன்னலை வெளிச்சத்தில் சரித்துப் பிடியுங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூளோ நூல்நூலாக ஏதோ தெரிந்தாலோ பூஞ்சணம். அந்தக் கசெட்டை எந்த டெக்கிலும் போடாதீர்கள். போட்டால் பூஞ்சணம் டெக்குக்குள் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல கசெட்டுக்கும் போகும். நான் இரண்டு நல்ல கசெட்டை இப்படித்தான் கெடுத்தேன்.

பூஞ்சணம் பிடித்ததைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூன்று, நான்கு கிழமை வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், நாடா நெளிந்துவிடும். அரிசிப் பானைக்குள் வைக்கும் யோசனையை எனக்கு இரண்டு பேர் சொன்னார்கள். அரிசித் தூள் உள்ளே போகும், வேண்டாம். காய்ந்த பிறகு கசெட்டைத் திறந்து துடைப்பது பழகியவர்கள் செய்யும் வேலை. வீட்டு விசேஷக் கசெட் என்றால் காசு கொடுத்துச் செய்விப்பதே நல்லது.

நல்ல கசெட்டாக இருந்தாலும், வருடக்கணக்கில் கிடந்ததை எடுத்ததும் ஓடவிடாதீர்கள். ஒரு தடவை முழுதாக முன்னுக்கு ஓட்டி, ஒரு தடவை பின்னுக்குச் சுற்றுங்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடும். முதுகுப் பக்கத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டு உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அது இருந்தால் தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அமுக்கியதும் பழையது அழிந்துபோகும்.

4. டெக்

புதிய டெக் எங்கும் இல்லை. கடைசி உற்பத்தி 2016 உடன் நின்றுவிட்டது. பழையதுதான். இக்மன் விளம்பரங்களில் வரும், தெரிந்தவர் வீட்டுப் பரணில் கிடக்கும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரித்தால் யாரோ ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார்.

கனடாவிலிருந்து வரும் உறவினரிடம் டெக் கொண்டுவரச் சொல்லும் யோசனை உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. அண்ணாவின் நண்பர் ஒருவர் அன்போடு சுமந்து வந்தார். அது 120 வோல்ட் டெக். நம் வீட்டு மின்சாரம் 230. நேரடியாகச் செருகியிருந்தால் அன்றே புகைந்திருக்கும். ட்ரான்ஸ்போமர் வாங்கி மாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது என்டிஎஸ்சி கசெட்டை மட்டும் ஓட்டும், என்னிடம் இருந்த 23 இல் 19 பால் கசெட் என்று. ட்ரான்ஸ்போமர் காசு போனது போனதுதான். கேட்பதானால் வளைகுடாவில் இருப்பவரிடம் பல முறைகளையும் ஓட்டும் 'மல்டி சிஸ்டம்' டெக்கைக் கேளுங்கள். அங்கேயும் மின்சாரம் பெரும்பாலும் நம்முடையதைப் போலத்தான், ஆனாலும் பின்பக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வோல்ட்டைப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.

வாங்கப் போகும்போது கெட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு கசெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டு ஐந்து நிமிடம் ஓட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றி, வெளியே எடுங்கள். நாலும் வேலை செய்ய வேண்டும். 'ஓடும், ஆனால் சுற்றாது' என்றால் உள்ளே ரப்பர் பெல்ட் இளகிவிட்டது. நம் வெக்கையில் அது வழமை. மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஹெட் துடைக்க மருந்துக்கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணீர் கலந்திருக்கும். 99 சதவீத ஐசோபுரப்பைல் அல்ககோல் வாங்குங்கள், மின்னணுச் சாமான் விற்கும் கடைகளில் கேட்கலாம். நூல் விடாத மென்தோல் துண்டில் நனைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு, ஹெட் இருக்கும் வட்ட உருளையை விரலால் மெல்லச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும், அதோடு டெக்கின் கதை முடிந்தது.

5. கடையில் கொடுப்பதா, நாமே செய்வதா?

என் செலவை அப்படியே தருகிறேன். விலை நாளுக்கு நாள் மாறும், அளவை மட்டும் பாருங்கள். பழைய மல்டி சிஸ்டம் டெக் 22,000 ரூபா. பெல்ட் மாற்றி சர்வீஸ் செய்ய 4,500. டெக்கின் படத்தைக் கணினிக்குள் எடுக்க யூஎஸ்பியில் செருகும் கப்சர் கருவி 3,800. அல்ககோல், மென்தோல், சிலிக்கா ஜெல் 1,200. கேபிள் 800. மொத்தம் 32,300. புகைந்து போகாமல் தப்பிய கனடா டெக்கின் ட்ரான்ஸ்போமரை இதில் சேர்க்கவில்லை, வெட்கமாக இருக்கிறது.

கடையில் ஒரு கசெட்டுக்கு 1,500 கேட்டார்கள். 23 க்கும் கொடுத்தால் 34,500. முதலாம் படியை ஒழுங்காகச் செய்து அந்த 6 கசெட்டை மட்டும் கொடுத்திருந்தால் 9,000 இல் முடிந்திருக்கும். பத்துக் கசெட்டுக்குக் குறைவாக இருந்தால் கடையில் கொடுங்கள் என்பதுதான் என் முடிவு. அதற்கு மேல் இருந்தால், உங்களுக்குப் பொறுமையும் இருந்தால், டெக் வாங்குங்கள். வேலை முடிந்ததும் அதை அடுத்தவருக்கு விற்றுவிடலாம், கேட்டு வர ஆள் இருக்கிறது.

கடையில் கொடுக்கும்போது இவை எல்லாம் பற்றுச்சீட்டில் எழுத்தில் இருக்கட்டும்: கசெட் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் பெயர், பால் அல்லது என்டிஎஸ்சி, கோப்பாகத் தருவார்களா டிவிடியாகத் தருவார்களா, திரும்பத் தரும் திகதி. முதலில் ஒரே ஒரு கசெட் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். நான் நாலு கசெட்டை மொத்தமாகக் கொடுத்தேன். 'அடுத்த புதன் வாங்கோ' என்று ஏழு புதன் போனது. வந்தபோது என்டிஎஸ்சி கசெட் இரண்டும் கறுப்பு வெள்ளையில் இருந்தன. 'பழைய கசெட் அண்ணே, கலர் போயிருக்கும்' என்றார்கள். கலர் போகவில்லை. பால் டெக் என்டிஎஸ்சி கசெட்டை ஓட்டும்போது வெளிவிடும் கலப்பு சிக்னலைச் சாதாரண கப்சர் கருவிக்குப் புரிவதில்லை, நிறத்தை விட்டுவிடும். சரியான முறையில் வெளிவிடும் மல்டி சிஸ்டம் டெக்கில் போட்டபோது நிறம் அத்தனையும் இருந்தது. 'கலர் போயிருக்கும்' என்ற வாக்கியத்தைக் கேட்டால் நீங்கள் கசெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

6. பதிவு செய்யும் நாள்

மூன்று மணி நேரக் கசெட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. முன்னும் பின்னுமாகச் சுற்றுவது, சரிபார்ப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு கசெட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள். போயா விடுமுறை நல்ல நாள்: வீதியில் சத்தம் குறைவு, நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். இடி மின்னல் நாளில் வேண்டாம்.

கணினியில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பால் கசெட்டுக்கு 720 க்கு 576, நொடிக்கு 25 சட்டம், திரை விகிதம் 4:3. அகலத் திரையை நிரப்பச் சொல்லி அது கேட்டாலும் இடம் கொடுக்காதீர்கள். நொடிக்கு 8 மெகாபிட் வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி, இரண்டரை மணி நேரப் படம் 9 ஜிபி. அதற்குக் குறைத்தால் மழைக் காட்சியும் புகைக் காட்சியும் கட்டம் கட்டமாக உடையும். எண்பதுகளின் கடைசியில் புகையும் மழையும் இல்லாத படம் எத்தனை?

படத்தின் வெளிச்சம் மூச்சு வாங்குவதுபோல் கூடிக் குறைந்தால் டெக் பழுது என்று நினைத்துக் கழற்றாதீர்கள். அது கடையில் விற்ற ஒரிஜினல் கசெட்டாக இருக்கலாம், கொப்பி எடுக்க விடாமல் போட்ட தடை. அதை விட்டுவிடுங்கள்.

'வணக்கம்' போட்டதும் நிறுத்தாதீர்கள். நாடா தானாக முடிந்து நிற்கும்வரை பதிவு ஓடட்டும். எங்கள் கசெட் ஒன்றில் படம் முடிந்து, வெறும் புள்ளி மழை நாலு நிமிடம் ஓடி, அதன் பிறகு அப்பா வாசலில் நின்று யாரையோ கூப்பிடும் 40 நொடி இருந்தது. அப்பா போய் பதினாறு வருடம். கடை நாலு நிமிடப் புள்ளி மழையை வெட்டுவதற்காக அதையும் சேர்த்து வெட்டியிருக்கும். கடையில் கொடுத்தாலும், 'கடைசிவரை எடுக்க வேண்டும்' என்று பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள்.

முடிந்ததும் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். கசெட்டைக் குப்பையில் போடாதீர்கள். முழுதாகப் பின்னுக்குச் சுற்றி, புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள்.

7. பார்க்கும் நாள்

இது சின்ன வேலை, ஆனால் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். புதிய தொலைக்காட்சிகளில் அசைவை வழுவழுப்பாக்கும் ஒரு வசதி தானாகவே போட்டிருக்கும். அதை அணையுங்கள், இல்லாவிட்டால் படம் தொலைக்காட்சித் தொடர்போலத் தெரியும். திரை விகிதத்தை 4:3 ஆக்குங்கள். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

பாட்டு எங்கோ சற்று உயர்ந்து, பாடகர் இளமையாகிவிட்டதுபோல் கேட்டால், அது முன்னே சொன்ன 24, 25 விவகாரம். சுருதி ஒரு அரைச் சுரத்துக்கு (செமிடோன்) சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். அதோடு ஒலி அமைப்பில் சுருதி மாறாமல் நீட்டும் தெரிவை எடுத்துவிடுங்கள். அது போட்டிருந்தால் வேகம் மட்டும் குறையும், சுருதி ஏறியபடியே நிற்கும். இதைச் சரிசெய்து போட்டதும், 'இதுதான் நான் வானொலியில் கேட்ட பாட்டு' என்றார் அம்மா.

பக்கத்து வீட்டு அங்கிளுக்குத் தமிழ் தெரியாதே என்று யோசித்தால் 1987 இல் வந்த 'பேசும் படம்' போடுங்கள். வசனமே கிடையாது. எங்கள் மாடி வீட்டில் வயிறு குலுங்கச் சிரித்தது முழுக்கத் தமிழ் தெரியாதவர்கள்தான்.

8. வீட்டை விட்டு மண்டபத்துக்குப் போகிறீர்களா?

நாலு பேர் நாற்பது பேராகிக் கேட்கத் தொடங்குவார்கள். தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம் என்று பெயர்கள் அடிபடும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் முன் கடதாசி வேலையைத் தொடங்குங்கள், பிறகு அல்ல.

இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1987 படம் 2047 முடியும்வரை ஒருவருடைய சொத்து. அதனால் தயாரிப்பாளர் அல்லது இப்போது உரிமை வைத்திருப்பவரின் எழுத்து அனுமதி வேண்டும். அதில் படத்தின் பெயர், இடம், திகதி, எத்தனை காட்சி, கட்டணம் உண்டா இல்லையா என்பது இருக்கட்டும். 'காசு வாங்கவில்லைதானே' என்பது பதில் ஆகாது. இரண்டாவது, இலங்கையில் பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குப் பொதுக் காட்சிகளைப் பார்த்து அனுமதிக்கும் அரச சபையின் சான்றிதழ் தேவை. படத்தின் தொடக்கத்தில் ஓடும் இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் இங்கே செல்லாது. ஏற்கெனவே இலங்கையில் திரையிட்ட படமா என்று விசாரிக்கத் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்திலிருந்து தொடங்கலாம். நுழைவுச்சீட்டு விற்பதானால் களியாட்ட வரி பற்றி மாநகர சபையிலும் கேட்க வேண்டும்.

எனக்கு உரிமையாளரின் பதில் வரவே ஆறு கிழமை ஆனது. நான் அனுப்பிய முதல் இரண்டு மின்னஞ்சலும் உரிமையை எப்போதோ விற்றுவிட்ட ஒருவருக்குப் போயிருந்தன. யூடியூபில் அந்தப் படத்தை ஏற்றியிருக்கும் நிறுவனத்துக்கே முதலில் எழுதுங்கள், இன்றைய உரிமை பெரும்பாலும் அங்கிருந்துதான் பிடிபடும். மண்டபத்துக்கு மூன்று மாதம் தள்ளித் திகதி கேளுங்கள். அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகு முற்பணத்தைக் கட்டுங்கள், முதல் நாள் மாலை உங்கள் கோப்பை அவர்கள் புரொஜெக்டரில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒலியையும் சேர்த்து.